ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தெட்டில் ஒரு பங்கர்

1

ஆண்டுகளிலும் திகதிகளிலும் நான் பிழை விடுவது குறைவு. மன்னார்க் கோட்டையை ஒல்லாந்தர் கட்டினார்கள் என்று யாராவது ஊர்மலரில் எழுதினால், முதலில் கட்டியவர் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் பிடித்துத் திருத்திக் கட்டியவர்கள் என்று ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறவன் நான். அப்படிப்பட்ட நான் இந்த வருடம், 1658ஆம் ஆண்டு மன்னார் நிலத்தில், என் கையால் நான்கு பங்கர்கள் வெட்டினேன்.

பங்கர் என்றால் ஷெல்லடிக்குப் பதுங்க வீட்டு வளவில் வெட்டும் குழி. வயது வந்தவர்களுக்கு இந்த விளக்கம் வேண்டியதில்லை. இதை வாசிக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

நெதர்லாந்துக்கு வந்து முப்பது வருடம் கடந்த பெப்ரவரியில் நிறைந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. மனைவி சாந்தா கேசரி கிண்டினாள். மகன் கைத்தொலைபேசியில் கைதட்டும் படம் ஒன்று அனுப்பினான். அவனுடைய தமிழ் “சாப்பாடு”, “சரி”, “வாறன்” என்ற மூன்று சொற்களோடு நின்றுபோய்ப் பல காலம். மகள் அபிராமி மட்டும் அந்தச் சனிக்கிழமை நேரில் வந்தாள், ஒரு பெரிய மரப்பலகையோடும் ஐந்து நுரைப்பலகைகளோடும்.

அபிக்கு இருபத்தாறு வயது. வேலை வேறு நகரத்தில். வெள்ளி வந்து ஞாயிறு திரும்புவாள். எங்கள் சிறு பட்டணத்தில் மேசைப் போர் விளையாடுகிறவர்களின் கழகம் ஒன்று இருக்கிறது. மேசையில் மண், மரம், வீடு, ஆறு எல்லாம் சிறிதாகச் செய்து வைத்து, சுண்டுவிரலில் பாதி உயரமான சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி, பழைய சண்டைகளைத் திரும்ப நடத்துவார்கள். எத்தனை அங்குலம் நகரலாம், எந்த மறைவுக்குப் பின்னால் நின்றால் குண்டு படாது என்பதற்கெல்லாம் விதிப்புத்தகம் உண்டு. கழகத்தில் பதினெட்டுப் பேர். பதினேழு பேர் ஆண்கள், பாதிக்கு மேல் ஓய்வூதியக்காரர். மூன்று வருடமாக மற்றவர்களுடைய மேசைகளில் விளையாடி வந்த அபிக்கு, இந்த ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, நான்கு ஊர்க் கழகங்கள் கூடும் நாளில், முதல்முறையாகச் சொந்த மேசை கிடைத்திருந்தது.

“அப்பா, ஒல்லாந்தர் மன்னாரைப் பிடிச்சது 1658 தானே?”

“ஓம். ஏன்?”

“அதைத்தான் நான் செய்யப்போறன். இவையளுக்குத் தங்கட ஆக்கள் கப்பலேறிப் போன கதை எண்டால் உயிர். எனக்கு மன்னார் வேணும். ரெண்டு பகுதிக்கும் சரி. நிலத்தை நீங்கள் செய்து தருவீங்களோ?”

“நான் என்ன, விளையாட்டுச் சாமான் செய்யிறவனோ?”

சாந்தா அடுப்படியிலிருந்து சொன்னாள்: “செய்து குடுங்கோ. வேலையால நிண்ட நாளிலயிருந்து என்ர மிளகாய்த்தூள் போத்தலுக்கெல்லாம் திகதி ஒட்டிக்கொண்டு திரியிறீங்கள். அதைவிட இது திறம்.”

ஒரு மனிதன் இருபத்தெட்டு மில்லிமீற்றர் என்றாள் அபி. கணக்குப் பார்த்தேன். ஐம்பத்தாறில் ஒன்று. பலகையின் நீளம் நூற்றெண்பது சென்ரிமீற்றர், அகலம் நூற்றிருபது. அப்படியானால் உண்மையில் நூறு மீற்றர் நீளமும் அறுபத்தேழு மீற்றர் அகலமும் உள்ள நிலம்தான் இதற்குள் அடங்கும். தீவு எங்கே, கோட்டை எங்கே, கடல்தான் எங்கே?

“அப்பிடிப் பார்க்கிறேல்லை அப்பா. ரெண்டு வீடு வைச்சால் அது ஊர். நாலு மரம் வைச்சால் காடு.”

“அது பொய்யெல்லோ?”

அவள் சிரித்துவிட்டு ரயிலேறிப் போனாள். நூறு மீற்றரில் எதைச் செய்வது என்று நான் யோசித்தேன். நூறு மீற்றர் அளவுக்கு எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்த நிலம் உலகத்தில் ஒன்றுதான். தாழ்வுபாட்டுக்குப் போகும் றோட்டில் எங்கள் வளவும், அதோடு ஒட்டிய மூன்று வளவுகளும்.

2

எங்கள் குடும்பம் கடற்குடும்பம் இல்லை. ஐயாவின், அதாவது என் அப்பாவின், ஊர் பெருநிலத்தில், வயல் பக்கம். மன்னாரில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை கிடைத்து, தாழ்வுபாடு றோட்டில் வளவு வாங்கி இருந்துவிட்டார். சுற்றிவர மீன்பிடிக்கிற வேதக்கார, அதாவது கத்தோலிக்கச் சனம். காலையில் அவர்களுடைய கோயில் மணி கேட்டு எழும்பி, எங்கள் சாமிப்படத்துக்கு விளக்கு வைப்போம். இந்த நாட்டுக்கு வந்த இரண்டாம் நாள், அகதிமுகாமில் ஒரு கதவில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தபோது அது “கந்தோர்” என்று வந்தது. ஐயா முப்பது வருடம் வெள்ளை வேட்டியோடு போய்வந்த சொல்லின் சொந்தக்காரர்கள் இவர்கள்தான் என்று அப்போதுதான் உறைத்தது. இந்த நாட்டில் எனக்கு முதன்முதலில் விளங்கிய சொல் அது.

பின்வளவுக் கொட்டிலில் வேலை தொடங்கினேன். மூன்று சென்ரிமீற்றர் தடிப்பான நுரைப்பலகையை மரப்பலகையில் ஒட்டி, அதன்மேல் வெள்ளைப் பசை பூசி, மணல் தூவ வேண்டும். கடைமணல் பருமனாக இருந்தது. சாந்தாவின் தேத்தண்ணி வடியால் அரித்தேன். ஒரு வடி போய் இரண்டாவது வடியும் போனபோது அவள் என்னோடு அரை நாள் பேசவில்லை. பனைக்கு இறைச்சி குத்திச் சுடும் மூங்கில் ஈர்க்கு. ஓலைக்குப் பச்சைத் தாளை விசிறிபோல மடித்து நறுக்கினேன். தென்னோலை பின்னிய கிடுகு வேலிக்குப் பாண் கடையின் மண்ணிறத் தாள்பையைக் கீற்றுக் கீற்றாக வெட்டிப் பின்னினேன். சவிரியம்மா என்கிற அயல்வீட்டு மனுசியின் வளவில் மீன் காயப்போடும் பரண் ஒன்று இருந்தது. அதற்குத் தீக்குச்சிகள்.

இரண்டு கழுதைகளும் செய்தேன். மன்னார்ப் பட்டினத்தில் கழுதை இல்லாத தெருவை நான் கண்டதில்லை. 1658இல் கழுதை இருந்திருக்குமா என்று மூன்று நாள் புத்தகங்களில் தேடினேன். அராபிய வணிகர் கொண்டுவந்தவை என்கிறார்கள், ஆகவே இருந்திருக்கலாம் என்று குறித்துவைத்தேன். கழுதைக்கு மூன்று நாள் செலவழித்தவன் நான் என்பதை வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

கேள்விகள் வரும்போதெல்லாம் மன்னாரில் இருக்கும் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். அண்ணன் குலம் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். அதே வளவில், றோட்டோரமாக, சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறான்; இப்போது மோட்டார் சைக்கிளும். வேலியின் நீளம், கிணற்றுக்கும் வாசல் படலைக்கும் இடையில் உள்ள தூரம், சவிரியம்மாவின் பனைகள் எத்தனை என்று கேட்டேன். முழத்தில் அளந்து சொல்வான்.

ஐந்து வாரம் போனது. வீடுகள் சிறியவை, மண்சுவர், ஓலைக்கூரை: 1658க்கு ஏற்றமாதிரி. எங்கள் ஓட்டுவீட்டைக்கூட ஓலையாக மாற்றியிருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

3

மார்ச் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை அபி கொட்டிலுக்குள் வந்தாள். குனிந்து, கண்ணைப் பலகை மட்டத்துக்கு வைத்து, ஒரு சுற்று நடந்தாள்.

“அப்பா! இது… இது நான் நினைச்சதை விட…” தமிழில் சொல் கிடைக்காமல் ஒல்லாந்து மொழியில் முடித்தாள். பிறகு விரலை நீட்டினாள். “இந்த ஓட்டையள் என்ன?”

“எது?”

“வீட்டுக்குப் பக்கத்தில. நாலு வளவிலயும் இருக்கு.”

“பங்கர்.”

அவள் நிமிர்ந்தாள். “1658இலயோ?”

நான் பலகையைப் பார்த்தேன். கிணறு எங்கே என்று தீர்மானித்து, படலை எங்கே என்று தீர்மானித்து, பங்கர் எங்கே என்றும் தீர்மானித்திருக்கிறேன். மணல் தூவுவதற்கு முன்பே நுரையைக் கத்தியால் குடைந்திருக்கிறேன். பனங்குற்றிகளுக்கு ஈர்க்கை அளவாக வெட்டி மேலே அடுக்கியிருக்கிறேன். என் பட்டியலில், என் கையெழுத்தில், “வேலி, கிணறு, பங்கர், பரண்” என்று ஒரே வரியில் இருந்தது. ஐந்து வாரத்தில் ஒருநாள்கூட என் கண்ணுக்கு அது பிழையாகத் தெரியவில்லை.

சாந்தா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “ஒல்லாந்தன் பீரங்கியோட வாறான் எண்டு உங்கட கொப்பர் முன்னூறு வருசம் முந்தியே பங்கர் வெட்டிப்போட்டார், பிள்ளை.” யாழ்ப்பாணத்துக்காரி, அவளும் பங்கருக்குள் இருந்தவள்தான். சிரித்து முடிந்ததும் வடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“பரவாயில்லை அப்பா, மூடிவிடலாம்” என்றாள் அபி. அதோடு முடிந்திருக்கும்.

அடுத்த நாள் ஞாயிறு, பலகை வாகனத்துக்குள் அடங்குமா என்று அளக்க வில்லெம் வந்தார். கழகத்தில் மூத்தவர், எழுபத்தாறு வயது, நில அளவையாளராக இருந்தவர். இளமையில் கட்டாய இராணுவ சேவையில் பொறியியல் படைப்பிரிவில் இருந்தாராம். நல்ல மனிதர். அபி கழகத்தில் சேர்ந்த முதல் நாள் அவளுக்குக் கதிரை இழுத்துப் போட்டவர் அவர்தான்.

வில்லெம் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து சிறு ரோச் லைற் ஒன்றை எடுத்துப் பங்கர்களுக்குள் அடித்துப் பார்த்தார். நேரமெடுத்துப் பார்த்தார்.

“இந்த மூன்றும் பயந்த சனங்கள் அவசரத்தில் வெட்டியவை” என்றார். “இது அப்படியில்லை. சரியான இடத்தில் திரும்பும் முடக்கு. மண் உள்ளே சரியாமல் மரம். தண்ணீர் வடிய அடியில் சரிவுகூட வைத்திருக்கிறீர்களே! இதை வெட்டினவன் தொழில் பழகியவன். சாதாரண வீட்டுக்காரன் இல்லை.”

எங்கள் வளவுப் பங்கரைத்தான் சொன்னார்.

“அபி, 1658 ஐ விட்டுவிடு. இதை இந்தக் காலத்துப் போராக விளையாடலாம். நான்கு அரண்கள், ஒன்று முதல்தரமானது. எல்லாரும் உன் மேசையைத்தான் சுற்றி நிற்பார்கள்.”

“அவை அரண்கள் இல்லை, வில்லெம். வீடுகள்” என்றாள் அபி. பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

அவர் போனபிறகு நான் சொன்னேன்: “அபி, இந்தப் பலகை போகாது.”

“என்னப்பா சொல்லுறீங்கள்? இன்னும் அஞ்சு கிழமைதான் இருக்கு. எல்லாரிட்டயும் சொல்லிப்போட்டன்.”

“வேற ஒண்டு வாங்கித்தாறன்.”

“எனக்கு வாங்கினது வேண்டாம். ஏன் எண்டாவது சொல்லுங்கோவன்.”

நான் கத்தியையும் பசையையும் எடுத்து ஒதுக்கத் தொடங்கினேன். அவள் அன்று வழக்கத்தைவிட ஒரு ரயில் முந்திப் போனாள்.

4

ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன். ஆண்டை எழுதவில்லை, வந்தவர்களின் சீருடை என்ன நிறம் என்றும் எழுதவில்லை. எங்கள் கரையில் பல சீருடைகள் வந்துபோயின. அண்ணன் இன்னும் அங்கே கடை நடத்துகிறான்.

எனக்கு அப்போது இருபத்தேழு. பல்கலைக்கழகம் கிடைக்காமல், ஒரு தனியார் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, மீதி நேரம் நூலகத்தில் இருந்தேன். ஷெல்லடி தொடங்கியதும் அயலில் எல்லாரும் பங்கர் வெட்டினார்கள். தீவின் மண் மணல். வெட்ட வெட்டச் சரியும். நாலடி போனால் தண்ணீர் ஊறும். சவிரியம்மா வீட்டுப் பங்கரில் மாரி மழைக்குத் தவளைதான் இருந்தது.

ஐயா வேண்டாம் என்றார். “கிடங்கு வெட்டினால் மேல இருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒண்டுதான். வீடெண்டும் தெரியாது, வேறயெண்டும் தெரியாது.”

நான் கேட்கவில்லை. நூலகத்தில் வயல் வாய்க்கால்கள் பற்றிய புத்தகம் ஒன்று எடுத்து, தண்ணீர் வடியச் சரிவு எவ்வளவு வேண்டும் என்று படித்தேன். மூன்றரை அடிக்கு மேல் தோண்டாமல், மிகுதியை மண்மூட்டையால் உயர்த்தினேன். எட்டடி போய், முடக்கி, இன்னொரு ஐந்தடி. முடக்கு இருந்தால் சிதறல் உள்ளே திரும்பாது. பக்கச் சுவருக்குப் பனங்குற்றி, இடையில் ஓலைப்பாய். பதினாறு நாள் வேலை. அண்ணன் கடையில் இருந்தான். அவன் ஒரு மண்வெட்டிகூடப் போடவில்லை. “தம்பி, இதை முடிச்சு மேல ஒரு மாடி கட்டு, வாடகைக்கு விடுவம்” என்று பகிடி பண்ணினான். அந்தப் பங்கருக்குள் இருந்து எங்கள் வீட்டில் நாலு பேரும், சவிரியம்மா வீட்டில் ஆறு பேரும் உயிர் தப்பியிருக்கிறோம். அதையும் எழுதவேண்டும்.

ஒருநாள் காலை சுற்றிவளைத்தார்கள். வீட்டுக்காரர் எல்லாரையும் றோட்டில் நிறுத்திவிட்டு வளவுகளைப் பார்த்தார்கள். ஒருவர் எங்கள் பங்கருக்குள் இறங்கி, உள்ளேயே நடந்து, மறுபக்கத்தால் ஏறி வந்தார். மற்ற மூன்று பங்கர்களை அவர் எட்டிப் பார்த்ததோடு சரி.

“இது ஆர் வெட்டினது?”

நாங்கள் வரிசையாக நின்றோம். ஐயா, அண்ணன், நான், அம்மா.

“நான்தான்” என்றான் அண்ணன்.

“எங்கே பழகினாய்?”

“சைக்கிள் திருத்தினால் எல்லாம் பழகும்.”

அந்தப் பதிலுக்கு அவனுக்கு அடி விழுந்தது. பிறகு லொறிக்குக் கூட்டிப்போனார்கள். லொறி சவிரியம்மா வீட்டுப் படலைக்கு முன்னால் நின்றது. எங்கள் படலையிலிருந்து நாற்பத்திரண்டு மீற்றர். பலகையில் எழுபத்தைந்து சென்ரிமீற்றர். அவ்வளவு தூரம் அவன் நடந்துபோகும் வரையும் எனக்கு நேரம் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

அண்ணன் பதினொரு மாதம் உள்ளே இருந்தான். ஐயாவும் அம்மாவும் இருந்த காசைச் சேர்த்து, நான்காவது மாதம் என்னைக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து இங்கே அனுப்பினார்கள். அண்ணன் வந்துவிட்டான் என்று அம்மா எழுதிய கடிதம் நான் இங்கே வந்து ஏழாவது மாதம் கிடைத்தது. கடைசி வரியில், “அவனுக்கு விரல்கள் முன்னம் போல மடியாது” என்று இருந்தது.

5

இந்த நாட்டில் ஒருவர் தன்னைப் பற்றிய அரசாங்கக் கோப்பின் பிரதியைக் கேட்டுப் பெறலாம். முப்பது வருடம் நிறைகிறதே, வந்த திகதிகளைச் சரிபார்த்துக் குறிப்பெழுதலாம் என்று கேட்டிருந்தேன். ஜனவரியில் தடித்த உறையில் வந்தது. அபி போன அந்த ஞாயிறு மாலை அதை எடுத்துத் திரும்ப வாசித்தேன்.

முதல் விசாரணை ஏழு பக்கம். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். வீட்டைச் சுற்றிய நிலத்தை நான் “வளவு” என்றதை அவர் “வயல்” என்று எழுதியிருக்கிறார், ஆகவே கோப்பின்படி எங்கள் பங்கர் ஒரு வயலின் நடுவில் இருக்கிறது. என் பிறந்த நாள் பதினாறு என்பது பத்தொன்பது என்று பதிவாகியிருந்தது. அந்த மூன்று நாளைத் திருத்த நான் நான்கு கடிதம் எழுதினேன், இரண்டு தடவை நேரில் போனேன், பிறப்புச் சாட்சிப்பத்திரத்தை மன்னார்க் கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் எடுத்து அனுப்ப அண்ணனை இரண்டு நாள் வரிசையில் நிற்கவைத்தேன். ஒன்றரை வருடத்தில் திருத்தினார்கள்.

ஐந்தாம் பக்கத்தில், பதுங்குகுழியை வெட்டியது யார் என்று ஒரு கேள்வி. பதில்: “என் அண்ணன்.”

அந்த வரியைத் திருத்த நான் கடிதம் எழுதவில்லை. போர்த்தொழில் பழகியவன் என்று இவர்களும் நினைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து சொன்னேன். பயம் போனபிறகும் அப்படியே விட்டேன். சாந்தாவைக் கட்டியபோது அவளுக்கும் அதையே சொன்னேன். அவள் பிள்ளைகளுக்குச் சொன்னாள்.

6

அடுத்த ஞாயிறு மதியம் அபி என்னைக் கேட்காமல் தன் கைத்தொலைபேசியில் பெரியப்பாவைப் படத்தோடு அழைத்தாள். அங்கே மாலை நான்கரை. கடை பூட்டு. அண்ணன் பெனியனோடு கதிரையில் இருந்தான்.

“என்ன, கொப்பர் இண்டைக்கும் கணக்கெடுப்போ? போன கிழமை வேலி எத்தினை முழம் எண்டான். இண்டைக்குக் கிணத்தில எத்தினை தவளை எண்டு கேக்கப்போறானோ?”

“இல்லைப் பெரியப்பா. அப்பா செய்து முடிச்சதைக் காட்டப்போறன்.”

அவள் தொலைபேசியைப் பலகைக்கு மேலே மெல்ல நகர்த்தினாள். எனக்கு அவனுடைய குரல் மட்டும் கேட்டது.

“எடேய் தம்பி! உது சவிரியம்மா வீட்டுப் பனை. உதில ரெண்டு குறையுது… இல்லை, உந்த மூலையில நிக்குது. படலையைப் பார், சரிவைக்கூட விடேல்லை. கழுதை என்ன இவ்வளவு கொழுப்பு? ஊர்க் கழுதை எலும்பும் தோலும் எல்லோ…”

அபியின் கை எங்கள் வளவுக்கு மேலே நின்றது.

“உதையும் வெட்டிப்போட்டியோ” என்றான்.

“அது பிழையாய் வந்திட்டுது பெரியப்பா. 1658இல பங்கர் இல்லைத்தானே. ஆனால் வில்லெம் எண்டு ஒருத்தர், உங்கட பங்கரைப் பார்த்திட்டு, இதை வெட்டினவர் தொழில் தெரிஞ்ச ஆள் எண்டு சொன்னவர். நீங்கள்தானே வெட்டினனீங்கள்? அம்மா சொன்னவ.”

“ஓம் பிள்ளை” என்றான் அண்ணன், உடனே. “நான்தான்.”

றோட்டில் நின்று சொன்ன அதே வேகம். இந்தத் தடவை கேட்டது அவனுடைய தம்பியின் மகள். அங்கே லொறி இல்லை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. அப்படியிருந்தும் அவன் யோசிக்கவேயில்லை.

“இல்லை அபி” என்றேன். “நான் வெட்டினனான். பெரியப்பா மண்வெட்டி தொடவேயில்லை. ஆர் வெட்டினது எண்டு கேட்டு அவரைக் கொண்டுபோச்சினம். நான் பக்கத்தில நிண்டனான்.”

அபி தொலைபேசியை மேசையில் சாத்திவைத்தாள். அண்ணனின் முகம் இப்போது எனக்கும் தெரிந்தது.

“அதை ஏன்ரா இப்ப பிள்ளைக்கு?” என்றான். “நீ அண்டைக்கு வாய் திறந்திருந்தால் ரெண்டு பேரும் போயிருப்பம். ஐயாவையும் அம்மாவையும் பார்க்க ஆர் இருந்தது? நீ சொல்லாதது நல்லது.”

“அண்ணை, உங்களுக்கு என்னில கோவமில்லையோ?”

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“வெட்டினதுக்கு இல்லை. பேசாமல் நிண்டதுக்கும் இல்லை. முப்பது வருசமாய் போன் எடுக்கிறாய். பிறப்புப் பத்திரம் கேட்டாய். ஐயா எந்தத் திகதியில கந்தோரில சேர்ந்தவர் எண்டு கேட்டாய். வேலி கேட்டாய், கிணறு கேட்டாய். பதினொரு மாசம் எனக்கு அங்க என்ன நடந்தது எண்டு ஒருநாள் கேட்டனியோ? அந்தக் கோவம் இருக்கு.”

கொட்டிலுக்கு வெளியே சாந்தா வந்து நின்றிருந்தாள். நான் கவனிக்கவில்லை.

“இப்ப கேக்கிறன் அண்ணை.”

“இப்ப வேண்டாம். பிள்ளை நிக்குது.”

அபி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “பெரியப்பா, உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் நான் இந்த மேசையை விடுறன். எனக்கு அது பெரிய காரியமில்லை.”

பெரிய காரியம் என்பது அவளுடைய குரலில் தெரிந்தது. அண்ணனுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

“ஏன் விடுவான்? ஒல்லாந்தன் வந்ததுக்கு நானும் நீயும் என்ன செய்யிறது? விளையாடு. எங்கட பக்கம் வெண்டால் எனக்கு அறிவி. அந்தப் பங்கரை மட்டும் மூடு. நல்லா இறுக்கி மூடு பிள்ளை. நான் மூடினது இறுகேல்லை.”

“நீங்களோ மூடினனீங்கள்?” என்று கேட்டேன். எனக்குத் தெரியாது. யாரோ கூலிக்கு மூடியிருப்பார்கள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். உண்மையில் அதையும் நினைத்ததில்லை.

“வேற ஆர்? ஐயாவுக்கு ஏலாது. மண்வெட்டிப் பிடியில கையைத் துணியால கட்டிக்கொண்டு மூடினனான். வெட்ட உனக்குப் பதினாறு நாள், மூட எனக்கு ரெண்டு மாசம். இண்டைக்கும் மாரியில அதில தண்ணி நிக்கும்.”

7

நுரையில் வெட்டிய குழியை மூடுவது சுலபம் என்று நினைத்தேன். அப்படியே மணலைக் கொட்டினால் காய்ந்ததும் கீழே இறங்கிவிடும். நுரைத்துண்டைக் குழியின் அளவுக்கு வெட்டிச் செருகி, இடைவெளியில் பசைமா அடைத்து, ஒருநாள் காயவிட்டு, உரஞ்சுதாளால் தேய்த்து, அதன்பிறகு மணல். மூன்று பங்கர்களை நான் மூடினேன். எங்கள் வளவுப் பங்கரை அபி மூடினாள். அவள் செய்யும்போது நான் பக்கத்தில் நின்றேன், பதினொரு மாதத்தையும் லொறியையும் பற்றி அவள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். தெரியாது என்ற பதில்தான் கூட.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில் இருபத்திரண்டு மேசைகள் போட்டிருந்தார்கள். சாந்தாவும் வந்தாள், கையில் ஒரு டப்பா நிறைய, கிழங்கு வைத்துப் பொரித்த பற்றிஸ். அபி கடலுக்கு நீலத் துணி விரித்துப் படகுகளை வைத்தாள். வில்லெம் வந்து கண்ணாடியை மாற்றி, குனிந்து பார்த்தார்.

“அந்த நல்ல பதுங்குகுழி எங்கே? மூடிவிட்டீர்களா? அவ்வளவு வேலை!”

மற்றக் கழகத்துக்காரர் ஐந்தாறு பேர் சுற்றி நின்றார்கள். அபி ஒரு சிப்பாயைக் கையில் வைத்தபடி, ஒல்லாந்தில், தெளிவாகச் சொன்னாள்:

“அது என் அப்பா வெட்டியது. பழகாத மனிதர், புத்தகம் பார்த்து வெட்டினார். தொழில் தெரிந்தவன் வெட்டியது என்று நினைத்து என் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வந்து தன் கையால் அதை மூடினார்.”

ஐம்பத்தேழு வயதுவரை அந்த நான்கு வாக்கியங்களை எந்த மொழியிலும் நான் வரிசையாகச் சொன்னதில்லை. வில்லெம் கண்ணாடியைக் கழற்றினார். ரோச் அடித்துப் பார்த்ததை நினைத்திருப்பார். “நான் சொன்னது…” என்று தொடங்கி, முடிக்காமல், என் கையைப் பிடித்தார். “உங்கள் அண்ணன் இருக்கிறாரா?” என்று கேட்டார்.

“இருக்கிறார்” என்றேன். “சைக்கிள் திருத்துகிறார்.”

பிறகு விளையாடினார்கள். மூன்றரை மணி நேரம். வரலாற்றில் நடந்தபடியே ஒல்லாந்தர் வென்றார்கள், ஆனால் மாலைக்குள் வெல்லவேண்டும் என்ற அபியின் விதிப்படி அவர்கள் பிந்திவிட்டார்கள். அது யாருக்கு வெற்றி என்று இரண்டு கிழவர்கள் பற்றிஸ் சாப்பிட்டுக்கொண்டே வாதாடினார்கள்.

மறுநாள் ஞாயிறு காலை, வீட்டில் ஒருவரும் எழும்பமுன்னம், கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனை அழைத்தேன். யார் வென்றது என்று கேட்டான். சொன்னேன். பிறகு, “அண்ணை, இப்ப பிள்ளை இல்லை, நான் தனிய நிக்கிறன்” என்றேன்.

அவன் எழும்பிப் போய்க் கடைக்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. வந்து இருந்தான். பிடித்துக்கொண்டு போன அன்று காலையிலிருந்து தொடங்கினான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் சொன்னான். நான் ஒரு திகதியும் கேட்கவில்லை, குறிப்பும் எடுக்கவில்லை.